விருந்தாளி வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது நல்ல பேர் எடுத்துவிட வேண்டும் என்று விடியவே எழும்பிக் கடலை வடை சுட்டேன். என் கணவர் வேலை செய்த குதிரைப் பண்ணையின் முதலாளியம்மா எங்கள் இருவரையும் வேட்டைக்கு அழைத்திருந்தார். எங்களிடம் அப்போது இருந்தது டுல்டுங் மட்டும்தான். உங்களைத் திருப்பி அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று சொல்லும் கடதாசி அது. அந்த வருடம் சட்டம் சற்று இளகியிருந்தது. நெடுங்காலம் இங்கே இருந்தவர்களுக்கு நிரந்தர வேலை இருந்தால் விசா கிடைக்கலாம். முதலாளியம்மா இவரை நிரந்தரமாக எடுப்பாரா என்பதில்தான் எங்கள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. வேட்டை முடியக் கதைப்போம் என்று சொல்லியிருந்தார்.

ஒன்றும் கொண்டுபோக வேண்டாம் என்றார் இவர். வெறுங்கையோடு நான் எந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறேன்? பெருஞ்சீரகத்தை வறுத்து இடித்துக் கை நிறையப் போட்டுச் சுட்டேன். வீடு முழுக்க மணத்தது, என் கம்பளிச் சட்டைகூட மணத்தது.

பண்ணை முற்றத்தில் சிவப்புக் கோட்டுக்காரர்கள் குதிரைகளில் வரிசையாக நின்றார்கள். புதிதாக வருபவர்களை வரவேற்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. முதலாளியம்மா குதிரையில் இருந்தபடியே புது ஆட்களை ஒவ்வொருவராகக் காட்டி அறிமுகம் செய்தார், எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். எங்களுக்கும் கழற்றினார்கள். அகதி முகாமில் வருடக்கணக்காக இருந்து வந்தவளுக்கு அது பெரிய விசயம்.

பிறகு அவர் நடக்கப்போவதை விளக்க, இவர் என் காதுக்குள் மொழிபெயர்த்தார். நாயை விட்டு நரியைக் கொல்வது இந்த நாட்டில் தடை. அதனால் ஒருவர் குதிரையில் முன்னே போய் ஏதோ வாசனைத் தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டே ஓடுவார். அந்த மணத்தை நாய்கள் துரத்தும், நாய்களைக் குதிரைகள் துரத்தும். இல்லாத நரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என்ன வாசனை என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குதிரைச் சவாரி தெரியாத விருந்தாளிகளை ட்ரக்டர் இழுக்கும் பெட்டியில், வைக்கோல் கட்டுகளின் மேல் இருத்திக்கொண்டு போனார்கள். நல்ல சனம். போர்வை தந்தார்கள், குடிக்கச் சூடாகத் தந்தார்கள். நானும் விடவில்லை, சட்டியைத் திறந்து வடையை நீட்டினேன். எல்லோரும் சுவைத்துச் சாப்பிட்டார்கள். விசா பாதி கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

வேட்டையை அருகில் பார்க்கலாம் என்று ட்ரக்டரை வயலோரம் நிறுத்தினார்கள். நாய்கள் கூட்டமாகக் குரைத்துக்கொண்டு வந்தன. எங்களுக்கு நேரே வந்ததும் முன்னால் ஓடிய நாய் நின்று தலையை நிமிர்த்தியது. அடுத்த நிமிடம் முழுக் கூட்டமும் எங்கள் பெட்டிக்குள். சட்டி உருண்டது. ஒரு நாய் என் மடியில் ஏறி நின்று சட்டையை நக்கியது. ஊதுகொம்பை ஊதினார்கள், கத்தினார்கள், ஒரு நாயும் அசையவில்லை. அவர்கள் தண்ணீரில் கலந்தது அனிஸ் எண்ணெய் என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பெருஞ்சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. மணத்தை வைத்து எனக்கே வித்தியாசம் சொல்ல ஏலாது, நாய் என்ன செய்யும்?

பின்னால் வந்த குதிரைகள் எல்லாம் நின்றுவிட்டன. முதலாளியம்மா எங்களையே பார்த்தார். இவர் முகம் வெளிறிப்போனது.

"நீ ஒண்டும் கதையாதை. பேசாமல் இரு," என்றார் என்னிடம்.

என் கையாலேயே விசாவைப் பொரித்து நாய்க்குப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

வேட்டை எப்படியோ முடிந்தது. நாய்களுக்கு மாட்டுக் குடல் போட்டார்கள். சவாரி செய்தவர்களுக்கெல்லாம் வழக்கப்படி ஓக் மரக் கிளை ஒன்று கொடுத்தார்கள். முதலாளியம்மா நேராக என்னிடம் வந்து எனக்கும் ஒன்றைத் தந்தார், கைதட்டல் காதைப் பிளந்தது. கோபம் இல்லை! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு இவரை லாயத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

இவர் வெளியே வந்த நடையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. முதலாளியம்மா பின்னாலேயே வந்து என்னைக் கட்டிப்பிடித்து, வருகிற வருடமும் கட்டாயம் விருந்தாளியாக வரவேண்டும், அந்த வடையையும் கொண்டுவரவேண்டும் என்றார். வருகிற வருடம் நாங்கள் எந்த நாட்டில் இருப்போமோ. இவர் ஓம் என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் நான் அழுது தீர்த்தேன். எல்லாம் என் வடையால் வந்த வினை என்றேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"இல்லையப்பா. நிரந்தரமா எடுக்க ஏலாதெண்டு அவ கோடைக்குள்ளையே முடிவெடுத்திட்டாவாம். இண்டைய நாளைக் கெடுக்க விரும்பாமல்தான் முதலே சொல்லேல்லையாம். உன்ர வடையால இல்லை."

ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்கு அது ஆறுதலாக இல்லை. வடையால் என்றிருந்தால் அடுத்த நாளே ஓடிப்போய் அந்த மனுசியின் காலில் விழுந்திருப்பேன். மன்னிப்புக் கேட்கக்கூட எங்களுக்கு ஒரு பிழை மிஞ்சவில்லை.