கொழுஞ்சிக்கு வெயில் காட்டிய மேரி அக்கா

கொழுஞ்சி இலையைக் கசக்கினால் வரும் அந்தப் பச்சைக் கசப்பு வாசம்... கூடவே கும்மிடிப்பூண்டி காற்றில் எப்போதும் இருக்கும் சூடான இரும்பு வாசம். இரண்டும் கையை விட்டுப் போகவே போகாது.

2007 வாக்கில் நான் கும்மிடிப்பூண்டியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவி. கொழுஞ்சி நம்ம ஊர்ச் செடி. அவரை, துவரை குடும்பம். அந்தக் குடும்பத்தில் இது யாருக்கு நெருங்கிய சொந்தம்? அதைத் தெரிந்துகொள்ள இலைக்குப் பச்சை நிறம் தரும் குளோரோபிளாஸ்டில் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் படிக்க வேண்டும்.

வெயில் பட்ட இலையில் மாவுச்சத்து சேர்ந்துவிடும், டிஎன்ஏ சுத்தமாக வராது. அதனால் பறிப்பதற்கு முன் செடியை இரண்டு நாள் கும்மிருட்டில் வைக்க வேண்டும். லேபில் அதற்கு இடமில்லை. என் ரூமில், கட்டிலுக்கு அடியில் கறுப்புத் துணி போர்த்தி வைத்தேன்.

மூன்றாம் நாள், டிஎன்ஏவைப் பிரிக்கும் சென்னை லேப் மெஷினில் என் முறை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. விட்டால் என் கைடு என்னைத் தலைமுழுகிவிடுவார்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து பார்த்தால்... தொட்டிகள் எல்லாம் மொட்டை மாடியில், தண்ணீர் ஊற்றி, ஜம்மென்று!

"இன்னாக்கா பண்ணினே?"

ரூம்மேட் மேரி அக்காதான். பக்கத்துக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்.

"பாவம், வாடிப்போய்க் கெடந்துச்சும்மா. நானே ராத்திரி பூரா ஷெட்டுக்குள்ள கெடந்துட்டு பகல்ல தூங்கினு கீறேன். அதுங்களாவது வெயில் பாக்கட்டுமேன்னு..."

விஷயத்தைச் சொன்னதும் அக்கா முகம் செத்துவிட்டது. "உன் படிப்பக் கெடுத்துட்டேனே" என்று ஒரே அழுகை.

லேப் நண்பன் செல்வத்துக்கு போன் போட்டேன். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? வியாழக்கெழம என் டர்ன், எடுத்துக்க" என்றான். நல்லா இருக்கணும் அவன்.

இந்த முறை காவல் அக்காதான். ஜன்னலுக்குப் போர்வை, கதவிடுக்கில் பழைய புடவை. வாடகை கேட்க வந்த ஓனரம்மாவையே "ஷ்ஷ்... செடி தூங்குது" என்று அதட்டி அனுப்பினார்.

டிஎன்ஏ சுத்தமாக வந்தது. முழுக்கப் படித்து முடிக்க மாதக்கணக்கானது. முடிந்த அன்று, "அதோட சொந்தக்காரங்க கெடச்சிட்டாங்களா?" என்று அக்கா கேட்டபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் காய்ந்த இலை கொஞ்சம் இருந்தாலே போதும், மெஷின் படித்துவிடும். செடியை இருட்டில் அடைக்க வேண்டியதில்லை. போன வாரம் போனில் இதைச் சொன்னேன்.

"அப்பாடா, இப்பவாச்சும் வெயில்ல வுட்டீங்களே" என்று அக்கா சிரித்தார். "செரிம்மா, வெச்சிடறேன். தூங்கணும். இன்னும் அதே ராத்திரி ஷிஃப்ட்டுதான்."

அப்போது பகல் பதினொரு மணி. வெளியே நல்ல வெயில். எனக்கு வெகுநேரம் மனசே ஆறவில்லை.