விரல் அளவு இடம்

சபையாரே, பெருமையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வெட்கத்தோடுதான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில், சூளைக்குள் பொம்மை அடுக்குவது என் வேலை. பூச்சுப் பூசிய பொம்மைகள் ஒன்றையொன்று தொட்டால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். "வெரல் அளவு எடம் வுடுங்கடி!" என்று புதிதாக வரும் பெண்களிடம் நாள் முழுக்கக் கத்துவேன். என் வீட்டில் அந்த விரல் அளவு இடம் கிடையாது. இருப்பது ஒரே அறை. அதில் சோபா, பீரோ, இரண்டு மிக்ஸி, கண்ணாடி ஷோகேஸ். ஷோகேஸ் நிறைய நான் ஆசை ஆசையாய்ச் சேர்த்த பீங்கான் பொம்மைகள். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் மகள் ஏஞ்சலுக்கு ஏழு வயது. மூச்சிரைப்பு உண்டு. "தூசி அடையற சாமானை எல்லாம் வெளிய எடுங்கம்மா" என்று டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, பெரிய வீடு கொடுங்க" என்று ஜெபித்தேனே தவிர, ஒரு பொம்மையைக்கூட நான் அசைக்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மதியம். அடைமழை. ஏஞ்சலுக்கு மூச்சு முட்டியது. உதடு நீலமாகிவிட்டது. ஷோகேஸ் மேல் இருந்த மருந்துப் பம்ப்பை எடுத்தேன். அவசரத்தில் அது கை நழுவி, பின்னால் சந்தில் விழுந்துவிட்டது. கையை விட்டால் எட்டவில்லை. ஷோகேஸ் நகரவும் இல்லை. இந்தப் பக்கம் பீரோ, அந்தப் பக்கம் சுவர். முன்னால் சாய்த்தால்தான் உண்டு. "இயேசப்பா, என் புள்ள போயிடுமே! வழி காட்டுங்க!" என்று அலறினேன்.

அலறினேனே ஒழிய, சாய்க்கவில்லை. பொம்மை உடையுமே என்று ஒரு நொடி நின்றேன். பெற்றவள், நின்றேன்!

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஓடி வந்தார். "இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? புள்ள முக்கியமா, பொம்ம முக்கியமா? இழுத்துத் தள்ளுடி!" அவர் நம் சபை அல்ல, கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் அன்று எனக்குப் பதில் அந்த வாயிலிருந்துதான் வந்தது. இருவரும் சேர்ந்து ஷோகேஸை முன்னால் இழுத்துச் சாய்த்தோம். எல்லாம் நொறுங்கியது. பம்ப் கிடைத்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

சாயங்காலம்தான் ஏஞ்சலுக்குப் பேச்சு வந்தது. "அம்மா, பொம்மையெல்லாம் ஒடஞ்சிடுச்சா? என்னைத் திட்டாதம்மா" என்றாள். அதைக் கேட்டு நான் செத்தே போனேன்.

அந்த வாரமே சோபா முதல் வேண்டாத எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். மருந்தும் விடாமல் தருகிறேன். இப்போது ஞாயிறு மதியம் தெருப் பிள்ளைகள் எல்லாம் என் வீட்டில்தான் பாடுகிறார்கள், படிக்கிறார்கள். "முன்னல்லாம் குடோனு, இப்பதாண்டி இது வூடு" என்று அக்கா கேலி செய்கிறார். பெரிய வீடு கேட்டேன். ஆண்டவர் இருந்த வீட்டையே பெரிதாக்கித் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். ஆனால் பதில் வரும்போது, என்னைப் போல ஒரு நொடி நின்றுவிடாதீர்கள்.