அழிக்கச் சொன்ன படங்கள்

செங்கம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் விடுதிகளையும் வாடகை அறைகளையும் இணையத்தில் பார்த்துப் பதிவு செய்ய ஒரு தளம் நடத்தினோம். மூன்றே பேர். முதலாளி, நிரல் எழுதிய நான், அறைகளைப் படம்பிடித்துத் தளத்தில் ஏற்றிய ஓர் அக்கா. அவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். குழந்தை பிறந்த பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவர். ஒவ்வொரு விடுதியாக நடந்தே போவார். கட்டில் விரிப்பைச் சரிசெய்து, ஜன்னலைத் திறந்துவைத்த பிறகுதான் படம் எடுப்பார்.

கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தளம் திணற ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிஷம் ஆனது. எங்கள் டேட்டாபேஸ் இயங்கும் சர்வரில் சிபியுவின் வேலைச்சுமை நாள் முழுக்க உச்சத்திலேயே நிற்கிறது, இரண்டு நாளில் சரிசெய்யாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று சர்வரை வாடகைக்குக் கொடுத்த கம்பெனி எழுதியது.

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "எதனாலப்பா இது?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். இருபத்து நான்கு வயது. அந்த அறையில் எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

"போட்டோங்க ஜாஸ்தியாயிடுச்சு சார். எல்லாம் பெருசு பெருசா ஏத்தியிருக்காங்க. சர்வர் தாங்கல."

அக்கா திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்ன சைஸ்லதானே தம்பி ஏத்தினேன்?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சீசன் நேரத்துல இப்படிப் பண்ணா எப்படிம்மா? கேட்டுட்டுச் செய்ய மாட்டீங்களா? பாதியைத் தூக்கிடுங்க" என்று முதலாளி சத்தம் போட்டார்.

அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் அழித்தார். கேமரா கார்டு சின்னது என்பதால் ஏற்றியதும் துடைத்துவிடுவோம்; அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. எனக்கு அது தெரியும்.

சாயங்காலம் பார்த்தேன். சிபியு இம்மியும் இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, முன்தினமே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டேட்டாபேஸில் அந்த நிமிஷம் என்ன வேலை ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே வேலைதான். 'இன்று காலியாக உள்ள அறைகள்' என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் எண் காட்டினோம். என் யோசனை அது. அந்த ஓர் எண்ணுக்காக, யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அதுவரை வந்த பதிவுகள் அத்தனையையும் டேட்டாபேஸ் படித்துக்கொண்டிருந்தது. தேதிக்கு ஓர் இன்டெக்ஸ், அதாவது தேடல் அட்டவணை, இருந்தால் அன்றைய பதிவுகளை மட்டும் நேராக எடுத்திருக்கும். நான் போட மறந்திருந்தேன். இப்போது போட்டேன். ஒரே வரி. சில நிமிஷங்களில் சிபியு அடங்கியது.

முதலாளி வந்து தளத்தைத் திறந்து பார்த்தார். "பார்த்தியா, போட்டோவைத் தூக்கினதும் எப்படி ஓடுது!"

தலையாட்டினேன்.

"என்னால எல்லாருக்கும் கஷ்டம். மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார் அக்கா. அதற்கும் தலையாட்டினேன்.

நான்கைந்து நாள் கழித்து, ஒரு விடுதியின் பெயரைத் திருத்த அவர் டேட்டாபேஸைத் திறந்திருந்தார். "தம்பி, இங்க போட்டோவே இல்லையே? போட்டோவோட பேரு மட்டும்தானே இருக்குது?"

"ஆமாக்கா. போட்டோ தனி ஃபோல்டர்ல இருக்கும்."

"அப்போ நான் அழிச்சதுக்கும் சர்வர் திணறினதுக்கும்..."

குரலில் கோபம் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். 

"தப்பு என்னோடதுக்கா. மறுநாளே தெரிஞ்சுபோச்சு. சொல்லல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெயரைத் திருத்தி முடித்துவிட்டு, "சார்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். "இப்போ ஓடுதில்ல, விடுப்பா" என்று முதலாளி கையசைத்துவிட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அக்காவிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுங்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அழித்த படங்களை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதி மேலாளர் அலுத்துக்கொண்டார். "போன மாசம்தானேம்மா எடுத்தீங்க? திரும்ப வந்து நிக்கிறீங்க. என்ன வேலை செய்றீங்களோ."

"பழசெல்லாம் அழிஞ்சுபோச்சுங்க. அஞ்சே நிமிஷம்" என்றார் அக்கா.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மேலாளர் சாவியைத் தேடி எடுக்கும்வரை நேரம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார்.