எந்த பிக்கப்?

வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, நம் போனுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்வார். தெரியாமல் எடுத்துவிட்டால் அன்று காலைப் பாட்டு நிச்சயம். "உங்களை யாரு பிக்கப் பண்ணச் சொன்னா? நான் பிக்கப் பண்ண வந்திருக்கேன், இறங்கி வாங்க!"

எங்கள் அலுவலக வேனை ஓட்டுகிறவர் அவர். ஐம்பதை எட்டப்போகிற வயது. முழுக்கைச் சட்டை, வலது கையில் மட்டும் வெயிலுக்கு உறை. பிக்கப் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வண்டி மேட்டில் திணறினால் "பிக்கப் செத்துப்போச்சு" என்பார். இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "படிக்கல, அப்படியே பிக்கப் ஆயிடுச்சு" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர், "பிசினஸ் பிக்கப் ஆகுது" என்றாராம். "எத்தனை மணிக்கு சார், எந்த கேட்?" என்று கேட்டிருக்கிறார் அக்கா. இதை அவரே சொல்லி, நமக்கு முன்னால் சிரித்துவிடுவார்.

அவருடைய மகள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அந்த ஒரு சொல்லுக்கு அகராதியில் ஒரு பக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று காட்டினாளாம். "இருக்கட்டும்டி. எது வந்தாலும் எதுன்னு கேட்டுப்பேன்."

போன மாதம் ஒரு காலை. எங்கள் ஸ்டோர் கீப்பரின் மனைவி ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வேன் பாலத்தைத் தாண்டும்போது, எங்களோடு வந்துகொண்டிருந்த ஸ்டோர் கீப்பருக்குப் போன் வந்தது. இரண்டு முறை "எஸ், எஸ்" என்றார். போன் மடியில் விழுந்தது.

"எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க" என்றார்.

அக்கா ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அண்ணா, அவங்க சொன்ன வார்த்தை என்ன? அப்படியே சொல்லுங்க."

"யுவர் வைஃப்னாங்க... பிக்கிங் அப்னாங்க. அப்புறம் ஒண்ணும் காதுல விழலம்மா."

அக்கா அவர் மடியிலிருந்து போனை எடுத்து, அதே எண்ணுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். பட்டம் வாங்கிய ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சிஸ்டர், ஒன் டவுட். பேஷன்ட் பிக்கிங் அப்? ஆர், வீ பிக்கிங் அப் பேஷன்ட்?"

அந்தப் பக்கம் நர்ஸ் பதறிப்போய், "நோ, நோ! ஷீ இஸ் பிக்கிங் அப்! ஷீ இஸ் ஆஸ்கிங் ஃபார் ஹிம்!" என்றாள்.

"தேறிட்டு வர்றாங்க அண்ணா. உங்களைக் கேக்கறாங்களாம்."

ஸ்டோர் கீப்பர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த திருப்பத்தில் வேனை ஆஸ்பத்திரிப் பக்கம் ஒடித்தார். "எல்லாரும் லேட்டுன்னு ஆபீஸுக்குச் சொல்லிடுங்க. காரணம் கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தும் ஸ்டோர் கீப்பர் இறங்கவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டார். கலைந்த தலையைத் தடவினார். "இப்படியே போனா, நான் அழுதேன்னு கண்டுபிடிச்சிடுவா" என்றார்.

அக்கா தன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, சாலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.