வகைக்கு அடங்காத நட்சத்திரமும் சேந்தமங்கலத்துக் காய்ச்சலும்

1942 நவம்பர் மூன்றாம் வாரம் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் போனேன். அங்கே ஆசிரியராக இருந்த என் கல்லூரித் தோழர் மாரப்பன் மூன்று பக்கக் கடிதம் எழுதியிருந்தார். தென்வானில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. திடீரென ஒளிர்ந்து மெல்ல மங்கும் ‘நோவா’ என்று சொல்லலாமென்றால், இத்தனை வேகமாக மங்குகிறதே, நாம் படித்த எந்த வகையிலும் சேரவில்லை. சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். கடைசி வரியில் ‘கொஞ்சம் காய்ச்சல்’ என்றிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சேலத்தில் காலை ஏழு மணிக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ். ராசிபுரம் வழியாகச் சுமார் முப்பது மைல், பத்தணா. மேட்டில் இரண்டு முறை நின்றுவிட்டது. “எறங்கித் தள்ளுங்க சாமி, அப்பத்தான் பொழுதோட ஊடு போய்ச் சேரலாம்” என்றார் டிரைவர். போய்ச் சேர மணி ஒன்று.

மாரப்பனின் மனைவி பழனியம்மாள் வாசலிலேயே கேட்டார்: “கொய்னா கொண்டாந்தீங்களாங்க?”

மாரப்பனுக்கு மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா. யுத்தத்தால் அந்த மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. என் பையில் பைனாகுலர்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு மழைமேகம் சற்று விலகியது. அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே, சற்று மேலே, அது தெரிந்தது. முதன்முதலில் தெரிந்த அன்று அகத்தியத்துக்கே போட்டியாக இருந்ததாம். இப்போது பக்கத்து நட்சத்திரத்தைவிட மங்கல். உள்ளே போய்ச் சொன்னேன். இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த மாரப்பன், “மூணு நா முந்தி அதுவும் பக்கத்து நட்சத்திரமும் சமமா இருந்துச்சுப்பா. அப்ப என் கணக்கு சரிதான?” என்றார்.

“சரிதான்.”

“எழுதிக்க.”

விடிந்ததும் மாட்டுவண்டியில் நாமக்கல். ஏழு மைல், இரண்டு மணி நேரம், வாடகை ஒரு ரூபாய். மூன்று மருந்துக் கடைகளில் கொய்னா இல்லை. நான் கெஞ்சிய பிறகு ஒரு கம்பவுண்டர் நான்கு மாத்திரை கொடுத்தார். இரண்டு மணிக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. உச்சிவேளையில் உயிர் போயிருந்தது.

மாத்திரைப் பொட்டலத்தோடு வாசலில் நின்றேன். பழனியம்மாள் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார்.

“பக்கத்து ஊட்டுக் கொழந்தைக்கும் சுரமுங்க. குடுத்துட்டு வாரேன்.”

இப்போது அந்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. அது ஏன் அப்படி வெடித்து, அப்படி மங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. விளக்கம் தேடியிருக்கக்கூடியவர் மாரப்பன்தான்.

கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். கொய்னாவைச் சேலத்திலேயே அலைந்து திரிந்தாவது வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். அங்கே வீட்டுக்கு வீடு யாராவது படுத்திருக்கிறார்கள்.