சைக்கிளுக்கு வைத்த பூசை

ஆறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் சைக்கிள் ஈராக்கிலிருந்து வந்தது. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரி ஓட்டினார். மேல்நாட்டுத் தலைவர்கள் கோட்டும் டையுமாக டிவியில் தோன்றி, போரில் வென்றுவிட்டதாக அறிவித்த பிறகு, அங்கே அவர்கள் உடைத்ததெல்லாம் பழைய இரும்பாகக் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் குவியலில் கிடந்த மூன்று சக்கர சைக்கிளை அப்பா மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்து, நெளிவெடுத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்.

எங்கள் தெருவில் மீன்பிடி வள்ளமோ லாரியோ புதிதாக வாங்கினால், மாதா கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகே எடுப்பார்கள். என் வண்டியையும் மந்திரிக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா சிரித்துக்கொண்டே அதைத் துடைக்க உட்கார்ந்தாள். சீட்டுக்குப் பின்னாலிருந்த தகட்டில் விரல் நுழையும்படி மூன்று ஓட்டைகள். அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

“துருப்புடிச்ச ஓட்டைதாம்ளா” என்றார் அப்பா.

“துரு இப்படித் தகட்ட உள்ளாக்க மடக்குமா? புள்ள முதுகுக்கு நேரால்லா இருக்கு.”

அம்மா சைக்கிளைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். நான் தரையில் புரண்டு அழுதேன். “அழாத, ஞாயித்துக்கெழம அதுக்குப் பூசை வைக்கச் சொல்லப்போறேன்” என்றாள். உடனே அழுகையை நிறுத்திவிட்டேன்.

எந்தப் பயங்கர ஆயுதத்தைத் தேடி அந்தத் தலைவர்கள் ஈராக்கின்மேல் படையெடுத்தார்களோ, அது அங்கே இல்லவே இல்லை. அது அம்பலமானதும், விடுதலை கொடுக்கத்தான் போனோம் என்று கூசாமல் பேச்சை மாற்றினார்கள். யாருக்கு விடுதலை? அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கா? உத்தரவு போட்டவர்களில் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. இன்று வேறு ஊர்களின்மேல் குண்டு போடும்போதும் அதே நியாயத்தை அதே குரலில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கவுன் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் முழந்தாளிட்டேன். “பெயர் அறியாத ஒரு பிள்ளையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று சாமியார் வாசித்தார். வண்டிகளை மந்திரிக்கும் செபம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து, கோயிலில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். அப்பா குனிந்தபடியே இருந்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், “மந்திரிச்சாச்சுல்லாம்மா, இனி ஓட்டலாமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.