வெள்ளைக் கோட்டுகளிடம் விசாரித்தவள்

வக்கீல் என்ற பேர் முதலில் என் காதில் விழுந்தது, என் மூத்த நாத்தனார் இந்தத் தெருவுக்குக் குடிவந்த வாரத்தில். "சட்டையெல்லாம் வக்கீல்கிட்ட கொடுத்தாச்சு, சாயங்காலம் வந்துடும்" என்றாள். போய்ப் பார்த்தால் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி, வியர்க்க விறுவிறுக்க ஒரு பெண். துணி கொண்டுவருகிறவர்களைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள் என்பதால் அந்தப் பட்டம். படித்தது என்னவோ ஐந்தாம் வகுப்பு.

புருஷன் போனபின் ஒரே மகளை அந்த இஸ்திரிப் பெட்டிதான் வளர்த்தது. மகள் பன்னிரண்டாவது தேறியதும், ரத்தப் பரிசோதனைப் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு ஊரில் இரண்டு சின்னத் தனியார் கல்லூரிகள். ஒன்று கண்ணாடி முகப்போடு மினுமினுக்கும். மற்றது மரச்சாமான் கடைக்கு மேலே, மூன்றே அறை. கண்ணாடிக் கல்லூரியில் கட்டணம் இரண்டு மடங்கு. கட்டினால், சொந்த வீட்டுக்கென்று வக்கீல் பன்னிரண்டு வருஷம் சேர்த்தது அத்தனையும் கரைந்துவிடும்.

"கடை மாடியில படிச்சான்னா யார் மதிப்பாங்க அண்ணி?" என்றான் வக்கீலின் கொழுந்தன். "அங்க வாசல்லயே வேலை கிடைச்ச நாற்பது பேர் போட்டோ மாட்டியிருக்கான்."

வக்கீல் பணம் கட்டும் துணிச்சலோடுதான் கண்ணாடிக் கல்லூரிக்குப் போனாள். வாசல் போட்டோப் பலகையில் மூன்றாவது வரிசையில் ஒரு பையன். முகத்துக்கு முன்னால் சட்டைதான் அவளுக்குத் தெரிந்தது. எத்தனை தேய்த்தாலும் காலர் முனை மடங்கிக்கொள்ளும் அந்த நீலச் சட்டை வாராவாரம் அவள் மேசைக்கு வருவது. அதன் சொந்தக்காரன் செல்போனுக்கு உறை விற்கிறான். பணத்தை எடுக்காமலே திரும்பிவிட்டாள்.

சட்டை வந்த அன்று பிடித்துக்கொண்டாள். "என்ன தம்பி, ஆஸ்பத்திரி வேலைன்னு போட்டிருக்கு?"

"அது மூணு மாசம்தான்கா. போட்டோ எடுத்ததும் அனுப்பிட்டாங்க."

"போட்டோவைக் கழட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"நல்லா விழுந்திருக்கேன்னு விட்டுட்டேன்."

அதற்கப்புறம் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வெள்ளைக் கோட்டு ஒன்றையும் அவள் விடவில்லை. எங்கே படிச்சே, எத்தனை மாசத்தில் வேலை, கூடப் படிச்சதில் சும்மா இருக்கிறவங்க எத்தனை பேர். கேள்வி மும்முரத்தில் ஒரு கோட்டுக் கையைக் கருக்கி, அதற்கு வேறு திட்டு வாங்கினாள். பதினொரு கோட்டில் ஆறு, கடை மாடியில் படித்தவை. கண்ணாடியில் படித்தவை இரண்டு. மற்ற மூன்றும் வெளியூரில் படித்தவை.

"அங்க நல்ல மெஷினே இல்லக்கா" என்றாள் கடை மாடியில் படித்த ஒரு கோட்டுக்காரி. "அதனாலயே ரெண்டாம் வருஷத்துலேர்ந்து தினமும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. ஊசி பிடிச்சுப் பழகின கைன்னு வேலை கொடுத்துட்டாங்க. எங்க வகுப்புல இருபது பேர், நாலு பேர்தான் வீட்ல இருக்காங்க."

கடை மாடியிலேயே சேர்ந்துவிடு என்று வக்கீல் சொன்னதற்கு, மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சரி, நீயே ஏறிப் போய்ப் பாத்துட்டு வா. பிடிக்கலன்னா கண்ணாடிக்கே கட்டிடறேன்" என்றாள் வக்கீல்.

மத்தியானம் போனவள் வெயில் தாழ்ந்துதான் வந்தாள். "ஒரு ஃபேன் ஓடலம்மா. நாற்காலி ஆடுது."

"சரி."

"அந்த மேடம் ரப்பர் கை ஒண்ணு கொடுத்து நரம்பைத் தேடிக் குத்தச் சொன்னாங்க. மூணாவது தடவை சரியா இறங்கிடுச்சு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அங்கயே கட்டிடும்மா" என்றாள்.

மகள் படித்து முடித்து ஐந்தாம் மாதம் வேலையில் சேர்ந்தாள். வக்கீல் இப்போது அதே தெருவின் கடைசியில், இரண்டு அறையுள்ள சொந்த வீட்டில் மகளோடு இருக்கிறாள்.